மலிவு கார்பன் வீல் வாங்கலாமா: மதுரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கும் குழு நண்பர் ஒருவரைப் பற்றியது இது. வயது 38, எடை 72 கிலோ. ஞாயிறுதோறும் விடியலில் எங்கள் குழுவோடு சைக்கிள் ஓட்டுவார். தல்லாகுளத்தில் கிளம்பி அழகர்கோவில், அங்கிருந்து மேலூர், மேலூரில் டீ, பிறகு நாற்கரச் சாலையில் யானைமலையைப் பார்த்தபடி ஒத்தக்கடை வழியாக ஊர் திரும்புவோம். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை சிறுமலை ஏறுவார். 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை 13 மணி 30 நிமிடக் கெடுவுக்குள் முடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

2024 மார்ச்சில் அவருக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. "அண்ணே, கார்பன் வீல் வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். நான் சைக்கிள் கடைக்காரன் அல்ல. மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வீட்டு மாடியில் வீல் ஸ்டாண்டும் வீலின் ஆரக்கம்பி இறுக்கம் பார்க்கும் கருவியும் உண்டு என்பதால் குழுவில் யாருக்கு வீல் கோட்டம் எடுக்க வேண்டியிருந்தாலும் என்னிடம் வந்துவிடும். அவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஓராண்டில் நடந்தவற்றை இருவரும் குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். இந்த எழுத்து அதிலிருந்து வருகிறது.

பழைய பயம்

குழுவில் கார்பன் ரிம் என்றாலே சிலருக்கு ஓர் அச்சம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் எங்களில் ஒருவர் ரிம் பிரேக் வண்டியில் மலிவு கார்பன் வீல் போட்டுக் கொடைக்கானலிலிருந்து இறங்கினார். வளைவுக்கு வளைவு பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் ரிம்மின் ஓரம் உப்பிவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கார்பன் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். ரிம் பிரேக்கில் கட்டை உரசுவது ரிம்மின் மீதேதான். அலுமினியம் அந்தச் சூட்டைச் சீக்கிரம் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பனில் சூடு ஓரிடத்திலேயே தங்கும். பிசின் இளகும் அளவை அது தாண்டினால், உள்ளிருக்கும் காற்றழுத்தம் ஓரத்தை வெளியே தள்ளிவிடும்.

ஆனால் நம்மவரின் வண்டி டிஸ்க் பிரேக். சூடெல்லாம் வீலின் நடுவே உள்ள ரோட்டர் தட்டோடு போய்விடும், ரிம்முக்கு வராது. இந்தப் பயத்தைக் கணக்கிலிருந்து முதலில் எடுத்துவிட்டோம். ரிம் பிரேக் வண்டியாக இருந்திருந்தால், மலை இறக்கம் இருக்கும் ஊரில் மலிவு கார்பனே வேண்டாம் என்று அன்றே பேச்சை முடித்திருப்பேன்.

வீல் வாங்கும் முன் கணக்கு

வண்டியோடு வந்த அலுமினிய வீல் சோடியைக் கழற்றி எடை போட்டோம்: 1,960 கிராம். அவர் கண் வைத்திருந்த, ரிம் 50 மி.மீ. உயரமுள்ள கார்பன் வீலுக்கு விற்பவர் சொன்ன எடை 1,480 கிராம். கிட்டத்தட்ட அரைக் கிலோ மிச்சம் என்பதில்தான் அவருக்கு உற்சாகம்.

ஆள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்ந்து 84 கிலோ. அதில் 480 கிராம் என்பது 0.6 சதவீதம்கூட இல்லை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே சேர அவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏற்றத்தில் பெரும்பாலான உழைப்பு எடையைத் தூக்குவதற்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், 60 நிமிடத்தில் மிச்சமாவது 20 விநாடி. ஏறும்போது அவர் கொண்டுபோகும் இரண்டாவது தண்ணீர்ப் புட்டி மட்டும் முக்கால் கிலோவுக்கு மேல். "ஓரத்தில் சுழலும் எடை இரட்டிப்பு" என்று பலர் சொல்வார்கள். வேகம் கூட்டும் நொடிகளுக்கு மட்டும் அது சரி. ஒரே சீராக மிதிக்கும்போது அந்த வித்தியாசம் இல்லை.

அடுத்து காற்று: உயரமான ரிம் காற்றுத் தடையைக் குறைக்கும் என்பது கணக்கு. விளம்பரத்தில் சொன்னது 45 கி.மீ. வேகத்தில் 12 வாட் மிச்சம். காற்றைப் பிளக்கச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது, இறங்குவதும் அப்படியே. 28 கி.மீ. வேகத்துக்கு அதே 12 வாட், 3 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். சமதளத்தில் அவர் சுமார் 120 வாட் செலவிடுகிறார். எட்டு மணி நேரம் ஓட்டினால் இந்த மூன்று வாட் தருவது நாலைந்து நிமிடம், அதாவது ஒரு டீ குடிக்கும் நேரம். ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மனதில் இருந்தது இது அல்ல.

அவர் வண்டியில் இருந்ததோ கம்பி விளிம்பு வைத்த, தடித்த, 25 மி.மீ. மலிவு டயர். நல்ல பந்தய டயருக்கும் இப்படிப்பட்ட டயருக்கும் உருளும் தடையில் சோடிக்கு 10 முதல் 15 வாட் வரை வித்தியாசம் வரும். வீல் தருவதைப் போல நாலைந்து மடங்கு, விலையோ ஆறில் ஒரு பங்கு.

முதல் முடிவு: டயர்

ஏப்ரலில் வீலைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றினார். மடியும் விளிம்புள்ள 28 மி.மீ. டயர் இரண்டு, 7,600 ரூபாய். நத்தம் சாலையில் ஒரு சிறு இறக்கத்தைத் தேர்ந்து, காற்றில்லாத விடியலில், ஒரே குறியிலிருந்து மிதிக்காமல் உருண்டு எங்கே நிற்கிறார் என்று அளந்தோம். ஒவ்வொரு அமைப்புக்கும் நான்கு ஓட்டம். பழைய டயரைவிடப் புதியதில் சராசரியாக 19 மீட்டர் கூடுதலாக உருண்டார். நான்கு ஓட்டங்களுக்குள் இருந்த ஏற்ற இறக்கம் 6 மீட்டர், ஆகவே இந்த 19-ஐ நம்பலாம்.

அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆசை தீரவில்லை. "இதுவே இவ்வளவுன்னா, வீலையும் சேத்துப் போட்டா?" என்றார்.

இரவல் வீலில் ஒரு வாரம்

ஜூலையில், ஆடி பிறந்த கையோடு, குழு நண்பர் ஒருவரின் 50 மி.மீ. கார்பன் வீலை ஒரு வாரம் இரவல் வாங்கினோம். அதே புதிய டயரை மாட்டி அதே இறக்கத்தில் உருட்டியதில் 4 மீட்டர் கூடுதல். ஏற்ற இறக்கமே 6 மீட்டர் இருக்கும்போது இந்த நான்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உருளும் சோதனையில் வேகம் குறைவு என்பதால் காற்றின் பங்கு அதில் சரியாகத் தெரியாது என்பதையும் குறித்துக்கொண்டோம்.

கற்றுக்கொடுத்தது வேறொரு நாள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நாற்கரச் சாலையில் திருமங்கலம் தாண்டித் தெற்கே போனோம். காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது, வண்டியைக் காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்த்தபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பேருந்து வலப்பக்கமாக முந்தும்போது இரண்டு மூன்று நொடி காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்ந்திருக்கும் வண்டி அந்த நொடியில் பேருந்தை நோக்கிப் போகும். பேருந்து கடந்ததும் காற்று திரும்ப அறைந்து இடப்பக்க ஓரத்துக்குத் தள்ளும். சாதா வீலிலும் இது உண்டு. ஆனால் 50 மி.மீ. முன்வீல் ஒரு பாய் மாதிரி காற்றைப் பிடித்து ஹேண்டிலையே திருப்பியது. இரண்டு தடவை அப்படி ஆனதும் அவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். கை நடுங்கியது. திரும்பி வரும்போது பேச்சே இல்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில், தேனிப் பக்கமோ விருதுநகர்ப் பக்கமோ அடிக்கடி ஓட்டுகிற, எடை குறைந்த ஆளுக்கு 50 மி.மீ. வேண்டாம் என்று அன்று எழுதினோம்.

வாங்கலாம் என்ற முடிவும் அதன் காரணமும்

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வாங்கினார் என்று குழுவில் பலர் கேட்டார்கள். பழைய பின்வீலின் ஹப், அதாவது அச்சு ஓடும் நடுப்பகுதி, தேய்ந்திருந்தது, எப்படியும் ஏதோ ஒரு வீல் வாங்கத்தான் வேண்டும். கையால் கட்டிய நல்ல அலுமினிய வீல் சோடி 24,000 ரூபாய் என்றார்கள். கார்பன் அதைப் போல இரண்டு மடங்கு. மீதியை ஆசைக்குக் கொடுக்கிறேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். வாட் கணக்கைக் காட்டித் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எதை வாங்குவது என்பதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். உலகின் மலிவு கார்பன் வீல்களில் பெரும்பகுதி சீனத்தின் சியாமென் நகரையும் அதைச் சுற்றிய பகுதியையும் சார்ந்தது. பெயர்கள் பல, தரமும் பல. விற்பவர்களிடம் நாங்கள் கேட்டவை எடையையும் வாட்டையும் பற்றி அல்ல. ரிம் மட்டும் தனியாக விற்பீர்களா? பேரிங் பொதுவான எண்ணில் உள்ளதா? கம்பி தலை வளைந்ததா, நேர்க்கம்பியா? கொக்கி உள்ள ரிம்மா, இல்லாததா?

கடைசிக் கேள்வி முக்கியம். கொக்கியில்லா ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்த உள்விளிம்பில் மடிப்பு கிடையாது. அதற்கென்றே செய்த டியூப்லெஸ் டயர் மட்டும்தான் போடலாம், அழுத்தமும் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. 2024 பிப்ரவரியில் யூஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்டின் கொக்கியில்லா ரிம்மிலிருந்து டயர் கழன்று அவர் விழுந்தபோது, பந்தய உலகிலேயே இதைப் பற்றிப் பெரிய வாதம் எழுந்தது. இங்கே அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்: வாடிப்பட்டியில் பஞ்சரானால், கடைக்காரர் கம்ப்ரசரை வைத்து ஒரே அழுத்தில் 100 பிஎஸ்ஐ ஏற்றிவிடுவார். கிடைத்த டயரைப் போட்டு வீடு வந்து சேரவும் வேண்டும். கொக்கி உள்ளதுதான் என்று முடிவானது.

நான்கு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்ன ஒருவரிடம் 38 மி.மீ. உயரம், கொக்கி உள்ள ரிம், வீலுக்கு 24 கம்பி, தலை வளைந்த சாதாரணக் கம்பி என்று ஆகஸ்டில் வாங்கினார். வீல் 29,500, கூரியர் 5,200, சுங்க வரி 12,300. அதோடு முடியவில்லை. பழைய ரோட்டர் ஆறு திருகு வகை, புது ஹப் ஒரே நடுப்பூட்டால் பிடிக்கும் சென்டர்லாக் வகை, ஆகவே புது ரோட்டர் இரண்டு, 2,800. மதுரைக் கடைகளில் எங்களுக்குக் கிடைத்த டியூபின் வால்வு 48 மி.மீ. 38 மி.மீ. ரிம்மில் அது வெளியே 10 மி.மீ.தான் நீட்டும், பம்பின் வாய் பிடிக்காது. நீள வால்வு டியூப் நான்கு வெளியூரிலிருந்து வரவழைக்க 1,800. மொத்தம் 51,600. அன்றைய விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு பவுன். வீட்டில் அதைச் சொல்லிக் காட்டினார்கள் என்று கேள்வி.

பெட்டி வந்த நாள்

ஆர்டர் கொடுத்த 24ஆம் நாள் பெட்டி வந்தது. மாட்டுவதற்கு முன் என் மாடிக்குக் கொண்டுவரச் சொன்னேன். சொன்ன எடை 1,430, தராசு காட்டியது 1,498. வெறும் 68 கிராம் என்றாலும் குறித்துக்கொண்டோம். ரிம் உருளலில் குறை இல்லை, முன்வீல் நேராக இருந்தது. பின்வீலில் செயின் பக்கக் கம்பிகளின் இறுக்கம் 95 கிலோவிலிருந்து 128 வரை ஏறி இறங்கியது, உற்பத்தியாளர் தந்த உச்சவரம்போ 120. இப்படியே ஓட்டினால் தளர்ந்த கம்பி இன்னும் தளரும், அளவுக்கு மீறி இறுகியது ரிம்மின் துளையைச் சிதைக்கலாம்.

ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் 108-க்கும் 116-க்கும் இடையே கொண்டுவந்து கோட்டம் எடுத்தேன். 300 கி.மீ. ஓட்டியதும் மறுபடி பார்த்தோம், நகரவில்லை. மலிவு வீலில் மிச்சம் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி ஒரு மணி நேரக் கைவேலையில்தான் என்பது என் எண்ணம். கருவியும் பழகிய கையும் பக்கத்தில் இல்லாதவர் இதற்கான கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஐப்பசிப் பள்ளம்

நவம்பர் முதல் வாரம், ஐப்பசி மழை. இங்கே என் தவறும் சேர்கிறது. மழை நாளில் பிடிப்பு கூடட்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள் தம்பி என்று நான்தான் சொன்னேன். வழக்கமாக 70 பிஎஸ்ஐ வைப்பவர் அன்று 52 வைத்திருந்தார். 64 வரை போதும் என்று எண்ணைச் சொல்லாமல் விட்டது என் குற்றம். அலங்காநல்லூர்ச் சாலையில் தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளம் மட்டமான சாலை போலத் தெரிந்திருக்கிறது. பின்வீல் இறங்கி, ரிம் பள்ளத்தின் விளிம்பில் அடித்தது. பாம்பு கடித்த மாதிரி டியூபில் இரண்டு ஓட்டை. டியூபை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார்.

ரிம்மை அன்று யாரும் பார்க்கவில்லை. அலுமினியமாக இருந்தால் ஓரம் நசுங்கிக் கண்ணில் பட்டிருக்கும். கார்பன் நசுங்காது. உள்ளே இழை விட்டுப்போனாலும் வெளிப்பூச்சு அப்படியே பளபளக்கும்.

மூன்று வாரம் கழித்து, எழுந்து மிதிக்கும்போது "டிக் டிக்" என்று ஒரு சத்தம் வருகிறது என்றார். கம்பி என்று நினைத்து ஸ்டாண்டில் ஏற்றினேன். கம்பி எல்லாம் சரி. டயரைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பிடித்ததும் கொக்கியின் மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு, 4 செ.மீ. நீளம். ஒரு ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால் எல்லா இடத்திலும் "டக்", அங்கே மட்டும் "தொப்". மூன்று வாரத்தில் அவர் 400 கி.மீ. ஓட்டியிருந்தார், அதில் ஒரு சிறுமலை இறக்கமும் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த வீலை அன்றே கழற்றிவிட்டோம். மேலே கார்பன் துணி ஒட்டிச் சரிசெய்யலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பிரேமில் செய்வார்கள். டயரைப் பிடித்து நிற்கும் கொக்கியில் ஒட்டு வேலையை நம்பி மலை இறங்க நான் சம்மதிக்கவில்லை.

ரிம்மை மட்டும் மாற்றியது

விற்றவர் புது ரிம்மைச் சலுகை விலையில் தருவதாகச் சொன்னார். கூரியரும் வரியும் சேர்த்து 13,000 ரூபாயைத் தொட்டது, ஒன்றரை மாதம் காத்திருக்கவும் வேண்டும். பிரெவேயோ ஜனவரியில்.

ஹப் நன்றாக இருந்தது, 24 துளை, சாதாரணத் தலை வளைந்த கம்பி. பெங்களூரிலிருந்து 24 துளை அலுமினிய ரிம் ஒன்று 4,300 ரூபாய்க்கு வரவழைத்தோம். உயரம் குறைந்த ரிம் என்பதால் ஒவ்வொரு கம்பியும் சுமார் 20 மி.மீ. நீளம் கூட வேண்டும், பழைய கம்பி ஒன்றுகூட உதவாது. புதுக் கம்பியும் அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளும் 2,100, அனுப்பு கூலி 600. இரண்டு மாலையில் கட்டி முடித்தேன். முன்னால் கார்பன், பின்னால் அலுமினியம். எடை 60 கிராம் கூடியது.

நேர்க்கம்பி ஹப்பாகவோ, அவர்களிடம் மட்டுமே கிடைக்கும் தனிவகைக் கம்பியாகவோ இருந்திருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும்.

விளைவு

ஜனவரியில் 200 கி.மீ. பிரெவேயை அந்தக் கலப்பு வீலிலேயே 10 மணி 50 நிமிடத்தில் முடித்தார்.

ஞாயிறு சுற்றில் அவர் சராசரி வேகம் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: பழைய வீல், பழைய டயரோடு மார்ச்சில் 26.1 கி.மீ.; டயர் மாற்றிய பின் மே மாதம் 27.0, கார்பன் வீலோடு அக்டோபரில் 27.3, பின்னால் அலுமினியம் வந்த பிறகு 27.2. இடையில் பயிற்சியும் கூடியது, வெயிலும் மாறியது. கடைசி இரண்டு எண்ணுக்கும் இடையே பேச ஒன்றுமில்லை.

செலவு: டயர் 7,600, வீல் எல்லாம் சேர்த்து 51,600, பின்வீலைத் திரும்பக் கட்ட 7,000. முன்வீல் இன்றுவரை குறையில்லாமல் ஓடுகிறது. வண்டி அழகாக இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

டயரை முதலில் மாற்றியதையும், வாங்குமுன் இரவல் வீலில் ஆடிக் காற்றில் ஓட்டிப் பார்த்ததையும் அப்படியே வைத்துக்கொள்வோம். காற்றழுத்தத்தை "கொஞ்சம்" என்று இனிமேல் சொல்வதில்லை. ஆளின் எடைக்கும் டயருக்கும் ஏற்ற கீழ் எல்லையை எண்ணாக எழுதி அவரவர் பம்பிலேயே ஒட்டிக் கொடுக்கிறேன்.

பள்ளத்தில் இறங்கி டியூப் கடிபட்டால், அன்றே டயரைக் கழற்றி நாணயத்தால் தட்டிப் பார்ப்பது குழுவில் இப்போது கட்டாயம். கார்பன் வைத்திருப்பவர் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பழைய அலுமினியப் பின்வீலை மாட்டிக்கொள்வது என்றும் பேசியிருக்கிறோம். அதனால் பழைய வீலை விற்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்கிறேன். நம்மவர் தன்னுடையதைச் செப்டம்பரிலேயே 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

விரிசல் விட்ட ரிம் என் மாடியில் ஆணியில் தொங்குகிறது. கார்பன் வீல் வாங்கலாமா என்று கேட்டு வருபவர் கையில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, அதைச் சுற்றித் தட்டச் சொல்வேன். போன மாதம் வந்தவர் கோட்டைக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை. சத்தத்தில் கண்டுபிடித்தார்.